வியட்நாமிய மொழியில் மெல்லிய மணமும் மெல்லிய ஒலியும்: எதனால் மெல்லியது என்று கேளுங்கள்

வியட்நாமியக் கதைகளைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கும் ஒருவரின் கேள்வி இது: “பூவின் மணத்துக்கு நான்கைந்து சொல் வருகிறது, தாழ்ந்த பேச்சுக்கு ஏழெட்டு வருகிறது. அகராதியோ எல்லாவற்றுக்கும் ‘லேசான’, ‘மெல்ல’ என்றே பொருள் போட்டிருக்கிறது. உண்மையிலேயே வேறுபாடு உண்டா, ஓசைக்காக மாற்றி மாற்றிப் போடுகிறார்களா? எப்படிப் பிரித்தறிவது?”

வேறுபாடு உண்டு, அதுவும் கறாரானது. அகராதி ‘எவ்வளவு’ என்பதைச் சொல்லிவிட்டு ‘எதனால்’ என்பதை விட்டுவிடுகிறது. ஒரு மணம் தூரத்தால் மெலிந்ததா, காற்றில் விட்டுவிட்டு வருவதால் மெலிந்ததா, இயல்பிலேயே மென்மையானதா, ஏறக்குறைய போய்விட்ட மிச்சமா? வியட்நாமியர் இவற்றைத் தனித்தனிச் சொற்களால் சொல்கிறார்கள். ஒலிக்கும் அப்படியே. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

எழுத்துமுறை பற்றி ஒரு சொல். வியட்நாமியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது அவர்களுடைய எழுத்துக்கூட்டலை ஒட்டியே போயிருக்கிறேன். மெய்களில் நடு, தெற்கு வழக்கு. ஹனோய்க்காரர் ‘ர’, ‘ய’ இரண்டையும் பல இடங்களில் அதிரும் ‘ஸ’ ஆகச் சொல்வார்கள். ‘ஃக’ என்று வருமிடத்தில் ‘எஃகு’ சொல்லும்போது தொண்டையில் உரசுமே, அந்த ஒலி. நம் நெடுங்கணக்கில் வேலையில்லாமல் இருக்கும் ஙா, ஙூ எல்லாவற்றுக்கும் இங்கே வேலை வரும். தொனி ஆறு: சமமான ‘ஙாங்’, இறங்கும் ‘ஹுயேன்’, ஏறும் ‘ஷக்’, தாழ்ந்து வளையும் ‘ஹோய்’, நடுவில் உடைந்து ஏறும் ‘ஙா’, அழுத்தி நிறுத்தும் ‘நங்’. தேவையான இடத்தில் தொனியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

மணத்தில் தொடங்கலாம். நல்ல மணத்துக்கு அடிச்சொல் ‘தம்’. மல்லிகை, பம்பளிமாஸ் பூ, கமுகம்பூ ஆகியவற்றுக்குக் கதைகளில் அதிகம் வருவது ‘த்வாங் த்வாங்’. முதல் அசை சமத்தொனி, இரண்டாவது வளைதொனி. இரண்டாவது அசைதான் வேர். தனியாக நின்றால் அதற்குச் ‘சட்டென்று கடந்து போவது’ என்று பொருள். கடந்து போகும் தென்றலுக்கும் அதே சொல், ‘அவ்வப்போது’ என்பதற்கு அன்றாடம் புழங்கும் ‘தீஞ் த்வாங்’ என்ற சொல்லிலும் அதே அசை. ஆகவே ‘த்வாங் த்வாங்’ மணம் என்றால் காற்றோடு வந்து, நின்று, மறுபடி வருவது. மூடிய அறைக்குள் ஊதுவத்தி ஒரே சீராகப் புகைந்துகொண்டிருந்தால் அந்த மணத்துக்கு இது பொருந்தாது.

‘யீவ் யீவ்’ இன்னொன்று. வேரான அழுத்துதொனி ‘யீவ்’ என்பதற்கு ‘தணிந்த, இதமான’ என்று பொருள். வலி தணிவதற்கும் கண்ணை உறுத்தாத நிறத்துக்கும் அதே சொல். மூக்கருகே பூவை வைத்தாலும் இதமாகவே இருக்கும் மணம் இது. மெலிவு தூரத்தில் இல்லை, மணத்தின் குணத்திலேயே இருக்கிறது. ‘ஙான் ஙாத்’ என்பது பரவி நிறையும் மணமான ‘ஙாத்’ என்பதன் தணிந்த வடிவம். பரப்பு அப்படியே இருக்கும், செறிவு மட்டும் குறையும். தாமரைக்குளக் கரையில் நிற்கும்போது எங்கு திரும்பினாலும் இருக்கும் மணத்துக்கு இது சரி.

‘ஃபாங் ஃபத்’ தனி ரகம். இது சீனத்திலிருந்து வந்த சொல். மூலத்தில் ‘இருப்பது போல’, ‘மங்கலாக’ என்று பொருள். அந்தச் சந்தேகம் வியட்நாமியத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் பழைய துணியில் எப்போதோ தெளித்த அத்தரின் மிச்சம் உண்டா இல்லையா என்று தயங்கவைத்தால் ‘ஃபாங் ஃபத்’. முகத்தில் இழையோடும் சோகத்துக்கும் இதே சொல் வருவதால், இது வரும் வாக்கியம் பெரும்பாலும் மணத்தைத் தாண்டி நினைவைப் பற்றியதாக இருக்கும். மொழிபெயர்ப்பில் ‘லேசான மணம்’ என்று போட்டால் அந்த வாக்கியம் அங்கேயே செத்துவிடும்.

இவற்றையெல்லாம் ஒரே மரத்தில் சோதித்துப் பார்க்கலாம். நம் ஏழிலைப்பாலையை அவர்கள் பால்பூ மரம் என்கிறார்கள். ஹனோயில் நுயென் யூ தெரு இதற்குப் பேர்போனது. இலையுதிர் காலத்தில், செப்டம்பர் முடிந்து அக்டோபர் வரும்போது பூக்கும். இரண்டு தெரு தள்ளி மாலைக் காற்றில் வந்தால் அது ‘த்வாங் த்வாங்’. மரத்தடிக்கு வந்தால் ‘ஙாவ் ஙாத்’, அதாவது மூச்சை நிறைக்கும் மணம். ஒரே தெருவில் வரிசையாகப் பத்துப் பதினைந்து மரம் நட்டு, அதன் கீழே வீடும் இருந்தால் குடியிருப்பவர் சொல்வது ‘நோங் நக்’. இது சாராய நெடிக்கும் சிறுநீர் நாற்றத்துக்கும் சொல்லும் சொல். பாட்டெழுதுகிறவர்களும் அந்தத் தெருவில் வீடு வைத்திருப்பவர்களும் ஒரே பூவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நெருக்கமாக நட்ட மரங்களை இடம்பெயர்க்கச் சொல்லி மனுக் கொடுத்த ஊர்களும் உண்டு.

சொல்லைப் பொருளோடு சேர்ப்பதில்தான் வெளியாட்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ‘தம் ஃபுக்’ என்றால் வயிற்றைக் கிள்ளும் மணம்: வறுத்த பூண்டு, சுட்ட இறைச்சி, வறுத்த காப்பிக்கொட்டை. நம் ‘கமகம’ இதற்குக் கிட்டத்தட்ட நேர். ‘தம் ஙாத்’ பூவுக்கு. ஹனோயின் மேற்கு ஏரித் தாமரைத் தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட பூ வேண்டும். விடியுமுன் பறித்து, மகரந்தத் தாள் நுனியில் இருக்கும் ‘தாமரை அரிசி’ எனப்படும் வெள்ளைத் துணுக்குகளை மட்டும் உதிர்த்து, தேயிலையோடு அடுக்கடுக்காக வைத்துப் பலமுறை மணமேற்றுவார்கள். இவ்வளவு பாடுபட்ட தேநீரை ‘தம் ஃபுக்’ என்று புகழ்ந்தால் எதிரே இருப்பவருக்கு வெங்காயம் தாளித்த நினைவு வரும். அங்கே ‘யீவ் யீவ்’ அல்லது ‘த்வாங் த்வாங்’ என்பதே பேச்சு.

இனி ஆக்கும் விதி. ‘த்வாங் த்வாங்’ போன்ற இரட்டிப்பில் வேர் இரண்டாவது அசை. முதல் அசை அதன் நகல். நகலின் தொனி மாறும். வேர் ஏறுதொனி அல்லது வளைதொனியாக இருந்தால் நகல் சமத்தொனி. வேர் உடைதொனி அல்லது அழுத்துதொனியாக இருந்தால் நகல் இறங்குதொனி. வேரே சமத்தொனியிலோ இறங்குதொனியிலோ இருந்தால் மாற்றமில்லை. சிவப்பைக் குறிக்கும் ‘டோ’ வளைதொனி, ஆகவே ‘சற்றே சிவந்த’ என்பதில் முதல் ‘டோ’ சமத்தொனி. ‘மென்மையான’ என்னும் ‘ஞே’ அழுத்துதொனி, ஆகவே ‘ஞே ஞே’யில் முதலாவது இறங்குதொனி.

வேர் வல்லின ஒலியில் முடிந்தால் இன்னொரு மாற்றம் சேரும்: ப் ம் ஆகும், த் ன் ஆகும், க் ங் ஆகும், ச் ஞ் ஆகும். கரிந்த வாடைக்கான ‘ஃகெத்’ ‘ஃகென் ஃகெத்’ ஆகிறது. காட்டமான நெடிக்கான ‘ஹக்’ ‘ஹங் ஹக்’ ஆகிறது. அழகுக்கான ‘டெப்’ ‘டெம் டெப்’ ஆகிறது. காரணம் எளிது. வல்லினத்தில் முடியும் அசை வியட்நாமியத்தில் ஏறுதொனியையோ அழுத்துதொனியையோ மட்டுமே ஏற்கும். நகலுக்குச் சமத்தொனியோ இறங்குதொனியோ வேண்டும் என்றால் வல்லினம் இருக்க முடியாது. அதே இடத்தில் பிறக்கும் மெல்லினம் வந்து உட்காருகிறது. க–ங, ச–ஞ, த–ந, ப–ம என்று இனவெழுத்துப் படித்தவர்களுக்கு இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

விதிவிலக்கும் உண்டு. தாழ்ந்த குரலுக்கான ‘ஃகே ஃகே’யில் வேர் உடைதொனி, விதிப்படி நகல் இறங்குதொனியாக வேண்டும், ஆனால் சமத்தொனியில் வருகிறது. பொதுவாக இரட்டைச் சொற்களில் சமம், ஏறு, வளைவு ஆகிய மூன்றும் ஓர் அணி. இறங்கு, உடைவு, அழுத்து மூன்றும் மறு அணி. ஒரே சொல்லில் அணி மாறாது. தெற்கத்தியார் வளைதொனியையும் உடைதொனியையும் ஒன்றாகவே உச்சரிப்பதால் எழுத்துப்பிழை அதிகம் வரும். அங்கே பள்ளிப் பிள்ளைகள் இந்த அணிக்கணக்கை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

இரட்டித்தால் எப்போதும் தணியும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அசை முழுவதும் நகலாகும் இரட்டிப்பு பண்புச்சொல்லில் தணிக்கும். கரிந்த வாடையில் ‘ஃகென் ஃகெத்’ லேசு, ‘ஃகெத்’ நடுத்தரம், ‘ஃகெத் லெத்’ மூக்கைப் பிளப்பது. கவிச்சி வாடையில் ‘தாஞ் தாஞ்’ லேசு, ‘தாஞ்’ நடுத்தரம், ‘தாஞ் ஙோம்’ குமட்டுவது. ஆனால் முதல் மெய் மட்டும் ஒத்துப்போகும் அரை இரட்டிப்பு பல இடங்களில் கூட்டவே செய்யும்; மேலே பார்த்த ‘நோங் நக்’ அப்படித்தான். மூன்று அசையாக நீட்டினாலும் கூடும்: சுத்தத்துக்கான ‘ஷாச்’, ‘ஷாச் ஷாஞ் ஷாஞ்’ ஆனால் ‘துடைத்து வைத்தாற்போல் ஒன்றுமில்லை’ என்றாகிவிடும். ஒலிச்சொல்லை முழுதாக இரட்டித்தால் அது தணிவே இல்லை, ஒலி தொடர்வதைத்தான் காட்டும். கொட்டும் மழைக்கான ‘ஆவ் ஆவ்’ நல்ல சத்தம்.

இன்னொரு பொறி: வடிவம் ஏற்கெனவே வேறு பொருளுக்குப் போயிருக்கலாம். ஊசிப்போன சோற்றுக்கு ‘தீவ்’. லேசாக ஊசியது என்று சொல்ல ‘தீவ் தீவ்’ என்றால் சோறு தூங்கி வழிகிறது என்று கேட்பவர் சிரிப்பார். அந்த இரட்டை கண்ணயர்வதற்குப் போய்விட்டது. ‘சற்றே’ என்னும் ‘ஹோய்’ (தொனிப்பெயர் வேறு, இது வேறு) என்ற தனிச்சொல்லை முன்னால் போட்டுச் சொல்வதே வழி.

கெட்ட, நடுநிலை வாடைகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இவைதான் கதைகளில் திரும்பத் திரும்ப வரும். ‘ஙாய் ஙாய்’: வெட்டிய புல், கசக்கிய பச்சிலை, மழை பட்ட மண். ‘மசாலாவில் பச்சை வாசனை போகவில்லை’ என்கிறோமே, அந்தப் பச்சைக்கு இது உறவு. வெறுப்புத் தொனி இதில் கிடையாது. ‘ஹங் ஹக்’: புதுப் பெயின்ட், மருந்து, சாமந்தித் தழை; மூக்கின் மேல்பகுதியைச் சீண்டுவது. ‘தும் தும்’: அழுகத் தொடங்கியதன் முதல் அறிகுறி, சாக்கடை மூடி, கெட்ட முட்டை. இது எழுத்தை விடப் பேச்சில் அதிகம், நகைச்சுவையாகவும் வரும்.

ஒலிக்கு வருவோம். இங்கும் அதே கேள்விதான். தூரத்தால் மெலிந்த ஒலி ‘வங் வங்’. வேர், தொலைவிலிருந்து வந்து சேர்வதைக் குறிக்கும் வளைதொனி ‘வங்’. கோயில் மணி, ஆற்றுக்கு அக்கரைப் பாட்டு, இரவில் ரயில் ஊதல். ஒலி சிறிது, ஆனால் தெளிவு கெடவில்லை. அதுதான் இந்தச் சொல்லின் உயிர். பக்கத்து நாற்காலியில் ஒருவர் மெல்லப் பேசினால் இது பொருந்தாது. எப்போதோ தாய் சொன்ன வார்த்தை இன்னும் காதில் ஒலிக்கிறது என்பதற்கும் ‘வங் வங்’ வரும். காலத் தொலைவும் தொலைவுதானே.

மனிதர் வேண்டுமென்றே அடக்கியதால் மெலிந்த ஒலி ‘ஃகே ஃகே’: கதவை மெல்லச் சாத்துவது, தாழ்ந்த குரலில் பாடுவது, தூங்குகிறவரைத் தொடாமல் கூப்பிடுவது. ‘ஞே ஞே’ இதன் பக்கத்தில் நிற்கும், ஆனால் அது விசையைப் பற்றியது. தொடுகை, தென்றல், காலடி, மணம் எல்லாவற்றுக்கும் வரும்.

தாழ்ந்த பேச்சுக்கான குடும்பம்தான் மிகச் செழிப்பு. ‘தீ தம்’ என்பது இருவர் குரலைத் தாழ்த்திப் பேசுவது. நெருக்கம் இருக்கும், பகை இருக்காது. ‘தீ தாவ்’ குரலே இல்லாத மூச்சுப்பேச்சு. நோயாளி, பயந்தவர், ஒளிந்திருப்பவர். ‘ரீ ரம்’ சுவருக்கு அப்பால் கேட்கும் தொடர்ந்த பேச்சு. பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. ‘ஸீ ஸாவ்’ கூட்டத்தின் முணுமுணுப்பு. யாரையோ குறைசொல்கிறார்கள் என்ற வாடை அதில் உண்டு. ‘தூ தீ’ மடியில் கிடத்திக்கொண்டு பேசும் பேச்சு, இரகசியமாகவும் செல்லமாகவும். ‘தோ தே’ குழந்தையின் அல்லது இளம்பெண்ணின் மெல்லிய, இனிய குரல். ‘லீ ஞீ’ கூச்சத்தால் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும் பேச்சு. ஆசிரியர் கேள்வி கேட்டதும் பாடம் படிக்காத பிள்ளை சொல்லும் பதில். ‘லம் பம்’ தனக்குத் தானே முணுமுணுப்பது. ‘லம் ரம்’ பூசையறையில் உதடு அசைய வேண்டிக்கொள்வது.

இவற்றில் எதை மாற்றிப் போட்டாலும் கதாபாத்திரமே மாறிவிடும். காதலர் ‘ஸீ ஸாவ்’ பேசினால் அவர்கள் வம்பு பேசுகிறார்கள். சவ வீட்டில் உறவினர் ‘தூ தீ’ என்று பேசினால் எழுத்தாளர் ஏதோ சூசகம் வைக்கிறார் என்று வாசகர் சந்தேகப்படுவார்.

பேச்சை நீட்டிக் காட்ட நான்கசை வடிவம் ஒன்று உண்டு. ‘தீ தம்’ என்பதை ‘தீ தா தீ தம்’ ஆக்கினால் விடாமல் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று பொருள். கொஞ்சம் எரிச்சலும் சேரும். ‘ரீ ரா ரீ ரம்’ அதே அச்சு. எந்தச் சொல்லையும் இப்படி நீட்டலாம் என்றில்லை; வழக்கில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

மழையை வைத்து ஒலிச்சொற்களைப் பழகுவது நல்லது, ஏனென்றால் வரிசை இயற்கையாகவே அமையும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் துளி ‘லக் ரக்’. பெருந்துளிகள் வாழையிலையிலும் தகரத்திலும் மோதத் தொடங்கினால் ‘லோப் டோப்’. கொட்டினால் ‘ஆவ் ஆவ்’. ஓயாமல் இரவெல்லாம் சிறு சத்தத்தோடு பெய்தால் ‘ரா ரீச்’. இதில் சத்தத்தைவிட நீடிப்புதான் முக்கியம், பூச்சிகளின் இரவுக் குரலுக்கும் இதுவே. நின்ற பிறகு ஓட்டிலிருந்து சொட்டுவது ‘தீ தாச்’. அந்தச் சொட்டு தெளிவாக, கணீரென்று விழுந்தால் ‘தாஞ் தோத்’. பறவைக் குரலுக்கும் பியானோ ஒலிக்கும் போகும் சொல் அது. வடக்கில் வசந்த காலத்தில் வரும் தூவானத்துக்கு ஒலியே கிடையாது. அதற்கு ‘லம் தம்’, ‘லத் ஃபத்’ என்று கண்ணுக்கான சொற்கள். மௌனமாகப் பெய்யும் அந்த மழைக்கு ‘தீ தாச்’ போட்டு மொழிபெயர்த்தால், வாசகர் கூரையிலிருந்து சொட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

அறியாத ஒலிச்சொல் வந்தால் அதன் முடிவைப் பாருங்கள். வல்லினத்தில் முடிந்தால் ஒலி வெட்டுப்பட்டு நிற்கிறது: ‘தீ தாச்’, ‘லோப் டோப்’, ஓடை கற்களில் தத்தும் ‘ரோக் ராச்’, காகிதமோ கஞ்சி போட்ட துணியோ உரசும் ‘ஷோத் ஷ்வாத்’. உயிரில் முடிந்தால் (‘ராவ்’ என்பதில் ‘வ்’ என எழுதியதும் அவர்கள் எழுத்தில் உயிர்தான்) ஒலி ஓடுகிறது: அலைக்கும் மூங்கில் இலைக்கும் வரும் ‘ரீ ராவ்’, சவுக்குத் தோப்பிலும் பட்டத்துக் குழலிலும் காற்று ஊதும் ‘வீ வூ’, கொசுவின் ‘வோ வே’. மெல்லினத்தில் முடிந்தால் ரீங்காரம் மிச்சமிருக்கிறது: சிறு மணியின் ‘லெங் கெங்’, ‘ரீ ரம்’. சருகின் ‘ஸாவ் ஸாக்’ முதல் அசையில் ஓடி இரண்டாவதில் உடைகிறது. சருகும் அதைத்தான் செய்கிறது.

தொனி, பொருளின் எடையைச் சொல்லும். ‘லாச் காச்’ ஏறுதொனியில் சொன்னால் தறிநாடா, தேநீர்க் கோப்பை. அழுத்துதொனியில் சொன்னால் மரப்பெட்டி, கதவுத் தாழ்ப்பாள். ‘லாவ் ஸாவ்’ சமத்தொனியில் காற்றும் பேச்சும் கலந்த மெல்லிய இரைச்சல். அழுத்துதொனியில் காலடியில் நெரிபடும் சரளை. உயிரொலிக்கு இப்படி ஒரு பொதுவிதி எழுதிவிட முடியாது. இகரம் சிறியதைக் காட்டும் என்பது பல மொழிகளில் உண்மை, வியட்நாமியத்திலும் ஓரளவு பொருந்தும். ஆனால் அதே நாட்டின் நடு மேட்டுநிலத்தில் பேசப்படும் பனார் மொழியில் இகரம் பெரியதையும் அகரம் சிறியதையும் காட்டும் சொற்கள் இருப்பதை மொழியியலாளர் ஜெரார் டிஃப்லோத் எடுத்துக்காட்டினார்.

வாக்கியத்தில் வைக்கும்போது கவனிக்க வேண்டியவை. ‘மிக’ என்பதற்கான ‘ரத்’ என்ற சொல்லை ‘த்வாங் த்வாங்’, ‘வங் வங்’, ‘ஃகென் ஃகெத்’ முன் போடக்கூடாது. அளவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது; ‘மிக லேசாகச் சற்றே’ என்பது போல் இடிக்கும். அதே காரணத்தால் ‘சற்றே’ என்னும் ‘ஹோய்’ என்பதும் கூடாது. இடம் மாறலாம்: ‘மல்லிகை மணம் த்வாங் த்வாங்’ என்பது நேர் செய்தி, ‘த்வாங் த்வாங்’ முன்னால் வந்தால் மணம் முதலில் வந்து, மல்லிகை என்று பிறகு தெரிகிறது. கதைகளில் இரண்டாவது அதிகம். ஒலியைப் போலச்செய்யும் சொல், ‘ஒலி’ எனப் பொருள்படும் ‘தியெங்’ என்பதோடு நேராகச் சேர்ந்து பெயராகிவிடும்: ‘தியெங் லாச் காச்’ என்றாலே போதும். ‘வங் வங்’ அப்படிச் சேர்ந்தால் எதன் ஒலி என்று கேள்வி நிற்கும், ஏனென்றால் அது ஒலியைப் போலச்செய்யவில்லை, ஒலி வந்துசேரும் விதத்தைச் சொல்கிறது. இரண்டையும் சேர்க்கலாம்: ‘வங் வங் தியெங் லாச் காச்’, தொலைவில் தறியின் சத்தம். வினைச்சொல்லில் ஒரு வியப்பு: கேட்பதற்கான ‘ஙே’ என்ற வினை மணத்துக்கும் வரும். ‘மணம் கேட்டது’ என்பது அவர்களுக்கு இயல்பான பேச்சு. மூக்கை வைத்து மோந்து பார்ப்பதற்கு ‘ஙுய்’ என்று தனி வினை.

இந்த வளம் வியட்நாமியத்துக்கு மட்டும் உரியதல்ல. அது சேர்ந்த ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பம் முழுவதும் இப்படிச் சொற்கள் நிறைந்தது. மலேசியத் தீபகற்பக் காட்டில் வாழும் ஜஹாய் மக்களின் மொழியில் மணத்துக்கென்றே பன்னிரண்டு அளவில் அடிப்படைச் சொற்கள் இருப்பதை ஆய்வாளர்கள் ஆசிஃபா மஜித், நிக்லாஸ் பூரன்ஹுல்ட் இருவரும் 2014-இல் வெளியிட்டார்கள். புலியை இழுக்கும் இரத்த வாடைக்குத் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நம்மோடு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. 1930களில் நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவுசெய்த மொழியியலாளர் எமனோதான் 1951-இல் வியட்நாமிய இலக்கணம் பற்றிய நூலையும் எழுதினார். 1969-இல் இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றியும் எழுதினார்.

தமிழாக்கத்தில் என்ன செய்வது? நம் இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது: ‘சல’ தனியாக நிற்காது. ‘தீ தாச்’ போன்றவை அதே இனம். அவற்றுக்கு நம் இரட்டைக்கிளவியைத் தாராளமாகப் போடலாம். ‘ஷோத் ஷ்வாத்’துக்குச் சரசர, ‘தீ தாவ்’வுக்குக் கிசுகிசு, ‘லம் பம்’முக்கு முணுமுணு. சலசல மட்டும் எச்சரிக்கை: நாம் ஓடைக்கும் இலைக்கும் ஒன்றே சொல்கிறோம், அவர்கள் ‘ரோக் ராச்’, ‘ரீ ராவ்’ என்று பிரிக்கிறார்கள், இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் ஒன்றை வினையால் விரிக்க வேண்டும். வேர் தனித்து நிற்கும் ‘த்வாங் த்வாங்’ ரகத்துக்கு இரட்டைக்கிளவி தேடாதீர்கள். தமிழில் கமகம, குப்பென்று எல்லாம் பலத்த மணத்துக்கே. அங்கே காரணத்தை வினையில் ஏற்றுங்கள். ‘காற்று திரும்பும்போதெல்லாம் மல்லிகை மணம் வந்து போனது’ என்றால் ‘த்வாங் த்வாங்’ முழுதாக வந்துவிடும். ‘ஃபாங் ஃபத்’துக்கு ‘இன்னும் ஒட்டியிருந்தாற்போல’ என்னும் தயக்கத்தைக் கொண்டுவாருங்கள். வாடைகளுக்கு நம்மிடம் நல்ல பெயர்கள் இருக்கின்றன: தீய்ந்த வாடை, கவிச்சி, ஊசல், மக்கல், முடை, பச்சை வாசனை. ‘ஒருவித துர்நாற்றம்’ என்று எழுதுவதற்கு முன் இந்தப் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அகராதியில் தேடும்போது முழு இரட்டிப்பென்றால் இரண்டாவது அசையைத் தனியாகத் தேடுங்கள். வேர் கிடைத்தால் காரணமும் கிடைக்கும். முதல் அசையை மட்டும் தேடினால் உதவாது. இணையத்தில் தேடினால் தொனிக்குறியோடு, மேற்கோள் குறிக்குள் இட்டு, கூடவே பூ, மழை, மணி என்று ஒரு பெயர்ச்சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். எந்தப் பெயரோடு அதிகம் வருகிறது என்பதே அதன் பொருள் எல்லை. குறியில்லாமல் தட்டினால் தென்றலின் ‘லாவ் ஸாவ்’வும் சரளையின் ‘லாவ் ஸாவ்’வும் ஒன்றாகக் கலந்து வந்து நிற்கும்.